தக்காளி நாற்று சாய்வதை நிறுத்திய விதம்

முதல் நாள் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்றுகள் மறுநாள் காலை சாய்ந்து கிடக்கும். இலை பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் பழுப்பேறி நூலாக மெலிந்திருக்கும். இதுதான் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழிக் கிருமிகளின் வேலை. சாய்ந்த நாற்று பிழைக்காது, பிடுங்கிவிடுங்கள்.

இதைத் தவிர்க்க, இந்த முறை நாற்று வளர்க்கும் குழித்தட்டைக் கழுவிக் காயவைத்து, புதிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினேன். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். முளை கண்டதும் தட்டின் மூடியை எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன்.

பெரிய வித்தியாசம் தண்ணீரில்தான். மேலே தெளிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். தட்டைத் தண்ணீருள்ள தாம்பாளத்தில் வைத்து, மேல்பரப்பு கருத்ததும் எடுத்து வடியவிடுவேன். அது காய்ந்து வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். இப்போது தண்டுகள் தடித்து நிற்கின்றன. முதலில் வரும் விதையிலைகளை அடுத்து நிஜ இலைகள் வந்தாயிற்று, தொட்டிக்கு மாற்றலாம்.