ஆப்பிரிக்க விடுதலையைப் பாடமாக நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. "1957இல் பிரிட்டன் கானாவுக்குச் சுதந்திரம் வழங்கியது" என்று கரும்பலகையில் எழுதினால், போராடியவர்கள் அத்தனை பேரும் அந்த வரியிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

அதற்கு முன்பு மாணவர்களை 1948 பிப்ரவரி 28 அன்றைய கானாவின் தலைநகர் அக்ராவுக்கு அழைத்துப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய வீரர்கள், சேர வேண்டிய ஓய்வூதியம் கேட்டு ஆளுநரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதம் இல்லை. போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள், ஊரே கொந்தளித்தது. 1950இல் கானாவின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ருமா, காந்தியின் அறப்போரைப் பின்பற்றி, வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்துச் சிறைக்குப் போனார். மறு ஆண்டுத் தேர்தலில் சிறையில் இருந்தபடியே வென்றார். ஆளுநர் அவரை விடுதலை செய்து ஆட்சி அமைக்க அழைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் சொன்ன பிறகு "வழங்கியது" என்று எழுத மாணவர்களுக்கே மனம் வராது.

சரி, கானாவின் கதையை வைத்து மொத்த ஆப்பிரிக்காவையும் முடித்துவிடுவது அடுத்த தவறு. அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை பிரான்சுடன் கொடும் போர் நடந்தது. கினி 1958 வாக்கெடுப்பில் பிரான்சிடம் "வேண்டாம்" என்று சொல்லியே வெளியேறியது. போர்ச்சுகலை எதிர்த்துப் போரிட்ட அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போர்களில் சலித்துப்போன போர்த்துகீசிய ராணுவ அதிகாரிகள்தான் 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆப்பிரிக்கர்களின் போராட்டம் ஐரோப்பிய நாடு ஒன்றுக்கும் ஜனநாயகத்தைத் திறந்துவிட்டது. இதைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள்.

தலைவர்களின் படங்களோடு நின்றுவிடுவதும் போதாது. 1929இல் தென்கிழக்கு நைஜீரியாவில் வரி விதிப்பார்கள் என்ற அச்சத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இது பெயரளவுக்குக்கூட வராமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், ஆட்சி செய்தவர்களின் சொற்களை அப்படியே கடன் வாங்குவது. "இருண்ட கண்டம்" என்ற சொல்லை நம் பாடப்புத்தகங்களும் ஒரு காலத்தில் கூசாமல் அச்சிட்டன. கென்யாவின் மாவ் மாவ் போராளிகளைக் "காட்டுமிராண்டிகள்" என்றுதான் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி உலகுக்குச் சொன்னது. அந்தப் போராட்டத்தில் இறந்த வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். தூக்கிலிடப்பட்ட ஆப்பிரிக்கர்களோ ஆயிரத்துக்கும் மேல். 2013இல் பிரிட்டிஷ் அரசே சித்திரவதைக்கு வருத்தம் தெரிவித்து, ஐயாயிரத்துக்கும் அதிகமான கென்யர்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

கொடியேற்றத்தோடு பாடத்தை முடிக்காதீர்கள். காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. ஏழே மாதத்துக்குள் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். அவருடையது என்று சொல்லப்பட்ட ஒரே ஒரு பல்லை 2022இல்தான் பெல்ஜியம் அவர் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது.