கரட்டுப் பாதைக்கு ஓர் எஸ்யூவி: புதிதாக வந்ததை வாங்குவதா, கைமாறி வந்ததை வாங்குவதா?

குளுவாங்கை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழைக்காலத்தில், பழக்குலை ஏற்றிய லாரிகள் உழுதுவிட்டுப் போன தடங்களில் தண்ணீர் தேங்கி, சாதாரணக் கார் வயிறு தட்டி நின்றுவிடும். பொங்கலுக்கு அந்த வீட்டு வாசலிலேயே போய் இறங்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை நாற்சக்கர இயக்க வண்டிகளின் பக்கம் கொண்டுவந்தது. முதலில் கைமாறிய வண்டி ஒன்றை வாங்கித் தவறு செய்தேன். அடுத்ததைக் கவனமாகத் தேர்ந்தேன். சிங்கப்பூரில் இந்த முடிவை எடுக்கப்போகிறவர்கள் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை, கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டியது. ஆண்டுக்கு எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தீவில் அன்றாடம் ஓட்டும் எந்தச் சாலைக்கும் நாற்சக்கர இயக்கம் தேவையில்லை. ஆகவே கணக்கு முழுவதும் ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் நல்ல வெயில் காலத்தில், உறவினர் வீட்டுக்குப் போவது மட்டுமே என்றால், தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கும் சாதாரண எஸ்யூவி போதும். மழையிலும் தோட்டத்துப் பாதையில் போக வேண்டும், அல்லது கஹாங் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் போக வேண்டும் என்றால்தான், லோ ரேஞ்ச் எனப்படும் குறைவேகக் கியர் தொகுதி உள்ள உண்மையான கரட்டுப் பாதை வண்டி வேண்டும். சுஸுக்கி ஜிம்னி, டொயோட்டா லேண்ட் குரூசர், ஜீப் ராங்ளர், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஆகியவை இந்த இரண்டாம் வகை. தோற்றத்தில் முரட்டுத்தனம் காட்டும் வண்டிகள் பலவற்றில் லோ ரேஞ்ச் இருப்பதில்லை. விற்பனையாளரிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

வாங்குவது வண்டியை அல்ல, ஆண்டுகளை

சிங்கப்பூரில் விலையின் பெரும் பங்கு இரும்புக்கு அல்ல, ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கும் வரிக்கும் போகிறது. சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. 1600 சிசி கொள்ளளவையும் 97 கிலோவாட் சக்தியையும் தாண்டாத பெட்ரோல் வண்டிகள் ஏ பிரிவில் வரும், ஜிம்னியின் 1.5 லிட்டர் இயந்திரம் அதற்குள் அடங்கும். லேண்ட் குரூசர், டிஃபெண்டர் போன்றவை பி பிரிவு. 2020 தொடக்கத்தில் 50,000 வெள்ளிக்குக் கீழே இருந்த பி பிரிவுக் கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. வண்டி மாறவில்லை, காகிதத்தின் விலைதான் மும்மடங்கானது. புது வண்டி வாங்கும் நாளில் ஏலம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரம் பத்து ஆண்டுகளுக்கு உங்கள் கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டி இறக்குமதியாகும்போது கணிக்கப்படும் விலையான பொதுச் சந்தை மதிப்பு 40,000 வெள்ளி என்றும் உரிமைச் சான்றிதழ் 110,000 வெள்ளி என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு. ஆக 48,000 வெள்ளி. சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, அதாவது 8,000. சந்தை மதிப்பும் சுங்கத் தீர்வையும் சேர்ந்த 48,000 வெள்ளி மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி 4,320. பதிவுக் கட்டணம் 350. மொத்தம் 210,670 வெள்ளி. விற்பனையாளரின் லாபமும் புகை வெளியேற்றத் திட்டத்தின் கூடுதல் கட்டணமும் இதற்கு மேல். பெரிய பெட்ரோல் இயந்திர வண்டிகளுக்கு அந்தக் கூடுதல் கட்டணமே பல்லாயிரம் வெள்ளி ஆகக்கூடும் என்பதால், விளம்பரத்தில் உள்ள விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஒப்பிடும் முறை. விலையைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கக் கூடாது; ஓர் ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க வேண்டும். வாங்கும் விலையிலிருந்து, சான்றிதழ் முடியும்போது திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுக்க வேண்டும். புதியது 250,000 வெள்ளி, கடைசியில் திரும்புவது 20,000 என்றால் ஆண்டுக்கு 23,000. ஐந்து ஆண்டு மீதமுள்ள பழையது 110,000 வெள்ளி, திரும்புவது 15,000 என்றால் ஆண்டுக்கு 19,000. வேறுபாடு நாலாயிரம்தான். பழையதில் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கு நாலாயிரத்துக்கு மேல் போனால் லாபம் முழுவதும் கரைந்துவிடும். அதனால்தான் கீழே சொல்லப்போகும் சோதனை இவ்வளவு முக்கியமாகிறது.

திரும்பக் கிடைக்கும் தொகையை ஊகித்து எழுதக் கூடாது. பார்ஃப் எனப்படும் அந்தக் கழிவுக்கு 2023 பிப்ரவரியில் 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. வரவுசெலவுத் திட்டங்களில் மாறக்கூடிய விதி இது, வண்டி எந்த நாளில் பதிவானது என்பதைப் பொறுத்துப் பொருந்துவது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் அந்த வண்டிக்கு உரிய தொகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு முடிந்து சான்றிதழைப் புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் கழிவு அறவே கிடையாது. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுமுறை புதுப்பிக்க முடியாது. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி 50 விழுக்காடு வரை போகும். பரிசோதனையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

டீசலை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேற்றில் மெதுவாக இழுத்துச் செல்ல டீசலின் முறுக்குவிசை மிக உகந்தது. தோட்டத்தில் பெரியப்பாவிடம் இருப்பதும் டீசல் வண்டிதான். ஆனால் 2025 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது. டீசல்தான் வேண்டும் என்றால், புதியதா பழையதா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

புதிதாக வந்த வண்டிக்கு ஏன் காத்திருக்கச் சொல்கிறேன்

இன்றைய ஜிம்னி 2018 ஜூலையில் ஜப்பானில் வெளியானபோது, ஓராண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் கைக்கு வரும் என்ற நிலை இருந்தது. தேவை மிகுந்திருக்கும் அத்தகைய மாதங்களில் விற்பனையாளர் விலையில் இறங்கி வர மாட்டார். அதோடு, புதிய வடிவமைப்பில் மறைந்திருக்கும் குறைகள் முதல் ஓரிரு ஆண்டில் ஓட்டுபவர்களின் கையில்தான் வெளிப்படுகின்றன. திரும்ப அழைப்புகளில் பலவும் அந்தக் காலத்திலேயே வருகின்றன. கரட்டுப் பாதையில் இது இரட்டிப்பு முக்கியம். நகரத்தில் மின்னணுக் கோளாறு வந்தால் இழுவை வண்டி வரும். செம்பனை மரங்களுக்கு நடுவில், கைப்பேசித் தொடர்பும் இல்லாத இடத்தில், யாரும் வர மாட்டார்கள். அந்தப் பகுதியின் சிறு பட்டறைகளில் பழைய பிராடோவுக்கும் பஜேரோவுக்கும் உதிரிபாகம் கிடைத்துவிடும். நேற்று வந்த மாதிரிக்குக் கிடைக்காது. ஆகவே புதிதாக அறிமுகமான வண்டியே வேண்டும் என்பவர்கள், அது விற்பனைக்கு வந்து குறைந்தது ஒன்றரை ஆண்டு கழியட்டும் என்று பொறுப்பது நல்லது.

பத்து ஆண்டு முழுவதும் வைத்திருக்கப் போகிறவருக்கும், அடிக்கடி குடும்பத்தோடு வெகுதூரம் போகிறவருக்கும் புதியது பொருந்தும். அதில் எனக்கு ஐயமில்லை. அப்படி வாங்கும்போது முன்பதிவு ஒப்பந்தத்தில் சான்றிதழ் உறுதியளிக்கப்பட்டதா இல்லையா, எத்தனை ஏலங்களுக்குள் கிடைக்கும், ஏலத்தில் கட்டணம் குறைந்தால் வேறுபாட்டைத் திருப்பித் தருவார்களா, கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்புமா என்ற நான்கையும் படித்துப் பாருங்கள். உத்தரவாதம் கரட்டுப் பாதைச் சேதத்தை விலக்குகிறதா என்பதையும் பாருங்கள். காப்புறுதியிலும் இதே கேள்வி உண்டு: மேற்கு மலேசியாவில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக இருந்தாலும், தார்ச்சாலைக்கு வெளியே நேர்ந்த விபத்து தனிக்கதையாகிவிடலாம்.

கைமாறிய வண்டியின் அடிவயிறு

நான் முதலில் வாங்கியது ஏழு வயது வண்டி. வண்ணப்பூச்சு கண்ணாடிபோல இருந்தது, இருக்கையில் ஒரு கீறல் இல்லை. மூன்றாம் மாதம் முன் அச்சிலிருந்து முனகல் கேட்டது. பட்டறையில், இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரென்ஷியல் பெட்டியின் அடைப்பைத் திறந்தபோது, தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய், பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வழிந்தது. முன்னவர் அதை ஆழமான நீரில் இறக்கியிருக்கிறார். உள்ளே புகுந்த தண்ணீர் பற்சக்கரங்களைத் தின்றுவிட்டது. 3,000 வெள்ளிக்கு மேல் செலவானது. மேலே மட்டும் பார்த்த என் கண்ணின் தவறு அது.

ஆகவே பழைய ஆடையோடு, ஒரு கைவிளக்கோடு போங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, அடிச்சட்டத்தின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நகரத்திலேயே ஓடிய வண்டியில் சாம்பல் நிறத் தூசு வரும். காட்டுக்குள் போன வண்டியில் காய்ந்த செம்மண் கட்டியாக வரும், எத்தனை முறை கழுவினாலும் அந்தத் துளைக்குள் இருப்பது முழுதும் போகாது. செம்மண் இருப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். செம்மண் இருந்தும் விற்பவர் “ஊருக்குள்தான் ஓடியது” என்று சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் நம்பாதீர்கள். மேலோட்டமான பழுப்புத் துரு பரவாயில்லை; நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும் துரு இருந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் எண்ணெயையும், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கியரின் எண்ணெயையும் பட்டறையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். இருக்கை வார்ப்பட்டையைக் கடைசிவரை இழுத்தால் அதில் சேற்றுக்கோடு தெரிகிறதா, தரைவிரிப்பைத் தூக்கினால் புளித்த வாடை வருகிறதா என்பது வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காட்டிக்கொடுக்கும்.

லோ ரேஞ்சை இயக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நகரத்தில் ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டதால் அது சிக்கிக்கொண்டிருக்கலாம். ஜிம்னி போன்ற வண்டிகளில், முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தைப் போட்டுத் திருப்பினால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் மட்டும், நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள். முன் அச்சு ஒரே திடத் துண்டாக உள்ள ஜிம்னி, ராங்ளர் வண்டிகளில், விரைவுச்சாலையின் இணைப்பு விளிம்பைக் கடக்கும்போது ஸ்டீயரிங் உதறினால், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும், உதறலைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்ப்பரும் தேய்ந்திருக்கக்கூடும். டயர்கள் நான்கும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்று பாருங்கள்; பக்கச்சுவரில் 3521 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

உயர்த்திய சஸ்பென்ஷன், உடலைத் தாண்டி வெளியே நிற்கும் அகன்ற டயர் போன்ற மாற்றங்கள் கண்ணைக் கவரும். ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும் மாற்றத்துக்கு ஒப்புதல் இல்லையென்றால் அடுத்த பரிசோதனையில் வண்டி தேறாது, செலவு உங்களுடையது. நிறுத்துமிடத்தையும் மறக்க வேண்டாம்: வழக்கமான நிறுத்தக் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். பின்கதவில் உதிரிச்சக்கரம் தொங்கும் டிஃபெண்டர் 110 ஐந்து மீட்டரைத் தாண்டுகிறது. கூரையில் ரேக் பொருத்தியிருந்தால், உங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பலமாடிக் கார்நிறுத்தத்தின் உயர எல்லையோடு அளந்து பாருங்கள்.

பணம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய வண்டிக்கு, புதியதோ பழையதோ, விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும், அதிகபட்சம் ஏழு ஆண்டு. மேலே சொன்ன 250,000 வெள்ளி வண்டிக்குக் கையிலிருந்து ஒரு லட்சம் வேண்டும். 110,000 வெள்ளி வண்டிக்கு 44,000. தனியாரிடம் வாங்கினால் சற்று மலிவாக இருக்கும். ஆனால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் வணிகரிடம் வாங்கியதற்கே பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்ற பாதுகாப்பு அதில் உண்டு. லோ ரேஞ்சும் அச்சு எண்ணெயும் உள்ள இந்த வகை வண்டிக்கு அந்தப் பாதுகாப்பின் விலையாக ஓரிரு ஆயிரம் வெள்ளி கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

என் இரண்டாவது வண்டியை நான்கு வயதில், உரிமைச் சான்றிதழ் ஆறு ஆண்டு மீதமிருக்கும்போது வாங்கினேன். முன்பணச் சீட்டில் ஒரே ஒரு வரியைக் கையால் எழுதச் சொன்னேன்: விற்பவரோடு தொடர்பில்லாத மையம் ஒன்றில் நடக்கும் சோதனையில், அடிச்சட்டத்திலோ அச்சுகளிலோ டிரான்ஸ்ஃபர் கியரிலோ குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்பும். இரண்டு வணிகர்கள் எழுத மறுத்தார்கள். மூன்றாமவர் எழுதிக் கையொப்பமிட்டார்; அவரிடமே வாங்கினேன்.