ஏற்காடு ரிசார்ட்டில் அறை போடும் முன்

சேலத்து வெயிலுக்குத் தப்பி ஏற்காட்டு ரிசார்ட்டில் அறை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நீச்சல் குளம் படத்தைத்தான். போனில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "குளத்துத் தண்ணியைச் சூடு பண்ணுவீங்களா?" ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் காலைத் தண்ணீர் ஐஸ்தான். போன வருஷம் எங்கள் சின்னவள் ஆசையாகக் குதித்தாள். ரெண்டே நிமிஷத்தில் உதடு நீலம் பாய்ந்து, பல் தந்தியடிக்க, துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். மதியம் 12 மணிக்கு மேல், வெயில் நேராக விழும்போது இறக்கினால் பிள்ளைகள் நிம்மதியாக ஆடும். சூடாக்கும் வசதி இல்லையென்றால், குளத்துக்காகக் கூடுதல் காசு தராதீர்கள்.

வெந்நீர் எந்நேரமும் வருமா என்பதும் முக்கியம். சில இடங்களில் காலையில் மட்டும்தான் விடுகிறார்கள்.

"ஏரி பார்த்த அறை" என்றால் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மரம் மறைத்திருக்கலாம்.

நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரியோடு எவ்வளவு என்று கேட்டுவிட்டே முன்பணம் போடுங்கள்.

சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பிள்ளைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்துக் கிளம்பாதீர்கள்.