குட்டை ஆயில் ஃபில்டரும் காலை நேரச் சத்தமும்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் இன்ஜினில் கடகடவென்று சத்தம். ஆயில் விளக்கும் தாமதமாகத்தான் அணையும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இருக்காது. ஆயில் அளவு சரி. வேறு கிரேடு ஊற்றியும் பலனில்லை. டேப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியும் பார்த்தாயிற்று.

இன்ஜின் ஆறிக் கிடந்த ஒரு காலையில் ஃபில்டரைக் கழற்றியபோதுதான் பிடி கிடைத்தது. படுக்கைவாட்டில் மாட்டும் ஃபில்டர், உள்ளே கிட்டத்தட்ட காலி! ஃபில்டருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் என்பதால் குட்டையானது போட்டிருந்தது. மரையும் கேஸ்கெட் விட்டமும் பொருந்தின. ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வுதான் இல்லை. இரவில் ஆயில் வடிந்துவிட, காலையில் ஃபில்டர் மறுபடி நிரம்பும் வரை இன்ஜினுக்கு ஆயில் போகாமல்தான் அந்தச் சத்தம்.

நடு மரைத் துளையைச் சுற்றியுள்ள சின்னத் துளைகளுக்குள் பார்த்தால் அந்த ரப்பர் தெரியும். குச்சியால் தொட்டால் அமுங்கி மீளும். அதே உயரத்தில் சிலிகான் வால்வு உள்ளதைத் தேடி மாட்டினேன். மறுநாள் சத்தமே இல்லை, அப்பாடா!

வாங்கும்போது மரையைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 20 மி.மீ. மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுதான், பின்னது 19.05 மி.மீ. முக்கால் அங்குல மரையில் 20 மி.மீ. ஃபில்டரை மாட்டினால் லொடலொடவென ஏறும், இறுகிப் பிடிக்காது.