முதல் ஸ்காட்ச்: பெங்களூரில் கையைக் கடிக்காத பாட்டிலை ரசிக்கும் முறை

பெங்களூருக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்கு ஸ்காட்ச் அறிமுகமாவது ஏதாவது ஒரு ஆபீஸ் பார்ட்டியில், கோலாவில் மூழ்கிய நிலையில்தான். அப்படிக் குடித்தால் கோலாதான் தெரியும், விஸ்கி தெரியாது. அடுத்து யாராவது ஒருவர், "ருசி வேணும்னா சிங்கிள் மால்ட் வாங்குங்க" என்பார். ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சும் அந்த விலை கூடிய வகைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பல வடிசாலைகளின் விஸ்கிகளைக் கலந்த, விலை குறைந்த பிளெண்டட் ஸ்காட்ச்சிலேயே ரசிக்க நிறைய இருக்கிறது. தண்ணீரை எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். இது 21 வயது கடந்த, ஏற்கெனவே எப்போதாவது குடிக்கிறவர்களுக்கான பதிவு. பழக்கமில்லாதவர்களைத் தொடங்கச் சொல்வது என் நோக்கமில்லை.

படி 1: லேபிளைப் படியுங்கள்

கடை அலமாரியில் விஸ்கி என்று நிற்பதெல்லாம் ஸ்காட்ச் அல்ல. நம் நாட்டு விஸ்கிகளில் பல, கரும்பு மொலாசஸிலிருந்து காய்ச்சிய ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் சேர்த்துத் தயாராகின்றன. சிலவற்றில் 'ஸ்காட்ச் கலந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கலந்திருப்பதாலேயே அது ஸ்காட்ச் ஆகிவிடாது. 2009-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிகளின்படி, ஸ்காட்ச் தானியத்திலிருந்து ஸ்காட்லாந்திலேயே காய்ச்சப்பட வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், அங்கேயே குறைந்தது 3 ஆண்டுகள் ஊற வேண்டும். தண்ணீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்க முடியாது. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இங்கே விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 என்று பார்ப்பீர்கள்.

ஆகவே 'பிளெண்டட் ஸ்காட்ச் விஸ்கி' என்ற மூன்று சொற்களும் சேர்ந்தாற்போல இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே 'பாட்டில்டு இன் இந்தியா' என்று இருந்தால் தயங்க வேண்டாம். காய்ச்சியது, ஊறவைத்தது, கலந்தது எல்லாம் ஸ்காட்லாந்தில்தான். மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே பாட்டிலில் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். சிங்கிள் மால்ட்டுக்கு இந்த வழி கிடையாது. 2012 நவம்பரிலிருந்து அதை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பாட்டிலுக்கு உள்ளேயே இருக்கிறது. மால்ட் விஸ்கி முளைகட்டிய பார்லியிலிருந்து, செம்புக் கொப்பரையில் ஒவ்வொரு ஈடாகக் காய்ச்சப்படுவது; மணம் கனமானது. கிரெய்ன் விஸ்கி கோதுமை, சோளம் போன்ற தானியங்களிலிருந்து, ஏனியஸ் காஃபி என்பவர் 1830-இல் காப்புரிமை பெற்ற வகைக் கோபுரக் கலத்தில் நிற்காமல் வடிந்துகொண்டே இருப்பது. லேசானது, செலவும் குறைவு. இரண்டும் சேர்ந்ததுதான் பிளெண்டட். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து நிற்பதுபோல, மால்ட்டுக்குப் பின்னால் கிரெய்ன் நிற்கிறது. அதை வெறும் கலப்படம் என்று நினைப்பவர்கள் பெரிய அநியாயம் செய்கிறார்கள். பல வடிசாலைகளின் பீப்பாய்களிலிருந்து எடுத்து, வருடா வருடம் ஒரே ருசி வரும்படி சேர்ப்பது சாதாரண வேலை இல்லை.

படி 2: ஒன்று வேண்டாம், இரண்டு வாங்குங்கள்

ஃபுல் பாட்டில் ஒன்றுக்குப் பதில், வேறு வேறு குணமுள்ள இரண்டு குவார்ட்டர் வாங்குங்கள். என் தேர்வு: புகை மணத்துக்கு டீச்சர்ஸ் ஹைலண்ட் கிரீம், மென்மைக்கு பிளாக் அண்ட் வைட். டீச்சர்ஸின் முதுகெலும்பு ஆர்ட்மோர் வடிசாலையின் மால்ட். 1898-இல் டீச்சர் குடும்பமே கட்டிய வடிசாலை அது. பீட் என்னும், சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப் படிவை எரித்து உலர்த்திய பார்லியால் அந்தப் புகை வருகிறது. தனியாக ஒன்றைக் குடித்தால் 'விஸ்கி மாதிரி இருக்கு' என்பதோடு நின்றுவிடுவோம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் புகை எது, தேன் எது என்று நாக்கு பிரித்துச் சொல்லும்.

அல்சூரோ ஸ்ரீராம்புரமோ, அச்சிட்ட விலைக்கே விற்கும் எம்ஆர்பி கடையிலோ, கர்நாடக அரசு நிறுவனமான எம்எஸ்ஐஎல் கடையிலோ வாங்குங்கள். மூடியின் மேல் கலால் துறை ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். பாரில் இதே சரக்குக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

படி 3: தண்ணீரும் கிளாஸும்

கிளாஸ் வாய் குறுகியதாக இருந்தால் நல்லது. சின்ன வைன் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு விஸ்கியைக் கெடுத்துவிடும். குழாயில் வரும் காவேரித் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால், கொதிக்கவைத்து ஆறவிட்டால் பெருமளவு போய்விடும். இல்லாவிட்டால் நல்ல கேன் தண்ணீர். ஃபிரிட்ஜில் வைக்காதது.

படி 4: மூக்கு முதலில்

இரண்டு கிளாஸிலும் 15 மில்லி ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு கிளாஸைத் தாடைக்கு அருகில் கொண்டுவந்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் சுள்ளென்று ஏறும். அதன்பின் எதுவும் தெரியாது.

ஒரு சிறு மிடறு. விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பிறகு விழுங்குங்கள். முதல் மிடறில் எரிச்சல்தான் தெரியும். இரண்டாவதிலிருந்துதான் கணக்கு.

இனி தண்ணீர். முதலில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. மறுபடி முகருங்கள். டீச்சர்ஸில் புகை மேலே எழும்பி வருவதை இந்த இடத்தில் கவனியுங்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி மாதிரி வழியே இதை ஆராய்ந்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் குறையக் குறைய மேற்பரப்பை நோக்கி வருகிறதாம். அடர்த்தியாக இருக்கும்போது அது ஆல்கஹாலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

இன்னும் இரண்டு டீஸ்பூன் சேர்த்தால் விஸ்கியும் தண்ணீரும் சரிபாதி; ஆல்கஹால் சுமார் 21 சதவீதம். விஸ்கி கலக்கும் நிபுணர்கள் பீப்பாய் மாதிரிகளை முகரும்போது ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் நீர்க்கவைக்கிறார்கள். 'ராவாக அடிப்பவன்தான் ரசிகன்' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எந்த அளவில் உங்களுக்குப் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு, குறித்துவையுங்கள்.

ஐஸ் இந்தக் கட்டத்தில் வேண்டாம். குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும்.

படி 5: டச்சிங்ஸ், சோடா

வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது, சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ருசி பார்க்கும்போது காரம் எதிரி. பேக்கரியில் வாங்கிய காங்கிரஸ் கடலை எனக்கு உயிர், ஆனால் மிளகாயும் பெருங்காயமும் சேர்ந்து மென்மையான விஸ்கியை நசுக்கிவிடும். வறுத்த முந்திரி, உப்புப் போட்டு வேகவைத்த கடலை, பன்னீர் துண்டு இவை ஒத்துப்போகும். காரம் வேண்டுமென்றால் டீச்சர்ஸை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். புகை கொஞ்சம் தாங்கும்.

வெயில் நாளில் சோடாவும் நல்லதே. உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், 30 மில்லி விஸ்கி, 90 மில்லி சில்லென்ற சோடா, ஒரே ஒரு கிளறல். அதிகம் கிளறினால் நுரை போய்விடும்.

30 மில்லியில் கிட்டத்தட்ட 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ருசி பார்க்க இரண்டு கிளாஸிலும் சேர்த்து அவ்வளவுதான் ஊற்றினோம். அதன் மேல் சோடாவோடு ஒன்று குடித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும், ரசனைக்கு இடமிருக்காது. வண்டிச் சாவியைத் தொடவே கூடாது. சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 'ஒண்ணுதானே' என்று மனக்கணக்குப் போடும் விஷயமில்லை. தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

மீதியை இறுக்க மூடி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பாட்டிலுக்குள் விஸ்கிக்கு வயது கூடாது, ஆனால் பாதி காலியான பாட்டிலில் காற்று மெல்ல மெல்ல மணத்தைத் தின்னும். சில மாதங்களுக்குள் முடித்துவிட்டு, அடுத்த முறை பிளாக் அண்ட் வைட் இருந்த இடத்தில் ஜானி வாக்கர் ரெட் லேபிளை வைத்து, டீச்சர்ஸோடு இதே வரிசையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.