உடைந்த பீங்கான் பல்லுறையை வாயிலேயே சரிசெய்தல்: எந்தப் பரப்புக்கு எந்தப் பிணைப்பு மருந்து?

மேல் முன்பல்லில் போட்ட உறையின் ஓரம் பெயர்ந்து, உள்ளிருக்கும் உலோகம் கறுப்பாகத் தெரிய, பேசும்போதே கையால் வாயை மறைத்துக்கொள்ளும் நோயாளியைப் பார்க்காத பல் மருத்துவர் இருக்க முடியாது. உறை அசையாமல் இருக்கிறது, அதன் விளிம்பில் சொத்தை இல்லை, வேரும் நலமாக இருக்கிறது என்றால், அதை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்வதற்கு முன் வாயிலேயே சரிசெய்யும் வழியை எண்ணிப்பார்க்க வேண்டும். மூன்று நான்கு பற்களை இணைக்கும் பாலமாக இருந்தால் இது இன்னும் முக்கியம்; ஒரு மூலையில் விழுந்த சில்லுக்காக முழுப் பாலத்தையும் கழற்றுவது அடியிலுள்ள பற்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் பெருஞ்செலவு. சரிசெய்த பகுதி எத்தனை காலம் நிற்கும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது அதன் அடியில் நாம் பூசும் பிணைப்பு மருந்துதான். இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் உடைந்த காரணத்தைத் தேட வேண்டும். கடிதாள் வைத்துப் பார்த்து, எதிர்ப்பல் அந்த இடத்தில் ஓங்கி இடிக்கிறதா, தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் உண்டா என்று அறியாமல் ஒட்டினால், ஒட்டியதும் அதே இடத்தில் உடையும். உள்சட்டமே விரிசல் விட்டிருந்தால் இந்த முறை பொருந்தாது. உடைந்த இடத்தை நிரப்பும் பல்நிற ரெசின் (பிசின்) கலவையான காம்போசிட்டின் நிறத்தையும் இப்போதே, பற்கள் ஈரமாக இருக்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். சற்று உலர்ந்தாலும் பல் வெளுத்துத் தெரியும்.

அடுத்து, உடைந்த இடத்தை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கியோடு பார்க்க வேண்டும். உடைவு பீங்கானுக்குள்ளேயே நின்றிருக்கிறதா, உலோகம் வெளிப்பட்டிருக்கிறதா, அல்லது சிர்கோனியா என்னும் கடின வெண்பொருளாலான மையம் தெரிகிறதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை எந்தக் குப்பியையும் திறக்கக்கூடாது. பீங்கானில் கண்ணாடித் தன்மை உண்டு; அதை அமிலம் அரிக்கும். உலோகத்துக்கும் சிர்கோனியாவுக்கும் அந்தத் தன்மை இல்லை. ஒரே மருந்தை எல்லாவற்றின் மேலும் பூசுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

எச்சில் படாமல் பல்லைப் பிரித்துவைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டாம் மாட்டிய பின், வைர பர் (வைரத்துகள் பதித்த சுழல்முனை) கொண்டு பளபளப்பு மேற்பூச்சை நீக்கி, உடைவின் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாக்க வேண்டும். 50 மைக்ரான் அலுமினா துகளைச் சுமார் 10 மில்லிமீட்டர் தொலைவிலிருந்து, 2 பார் அழுத்தத்தில் சில நொடிகள் வீசினால் பரப்பு சீராகச் சொரசொரப்பாகும். அழுத்தத்தைக் கூட்டினால் பீங்கானில் நுண்விரிசல் விழும்.

கண்ணாடித் தன்மை கொண்ட பீங்கானுக்கு அடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமில ஜெல். அது கண்ணாடிப் பகுதியைக் கரைத்து, ரெசின் உள்ளே இறங்கிப் பிடிக்கக்கூடிய நுண்குழிகளை விட்டுச்செல்கிறது. ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்கு 9 முதல் 10 விழுக்காட்டு ஜெல்லை 60 முதல் 120 நொடி வைப்பார்கள். லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானுக்கு 5 விழுக்காட்டு ஜெல் 20 நொடியே போதும், அதிகம் வைத்தால் பொருளே பலவீனமாகும். கழுவி உலர்த்தியதும் பரப்பு சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கித் தெரிய வேண்டும். பளபளப்பான தீவுகள் எஞ்சியிருந்தால் அங்கே அமிலம் சேரவில்லை என்று பொருள். அரித்தபின் படியும் வெண்ணிற உப்புக் கசடை 37 விழுக்காட்டு பாஸ்பாரிக் அமிலத்தால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவலாம். பாஸ்பாரிக் அமிலம் பீங்கானைச் சுத்தம் செய்யும், ஆனால் அரிக்காது; எனாமலில் நமக்குப் பழகிய வேலையை அது இங்கே செய்யும் என்று எண்ணுவது தவறு.

இந்த அமிலத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தோலிலோ ஈறிலோ பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம். ஃபுளோரைடு ஆழமாக இறங்கித் திசுவிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரப்பர் டாம் இல்லாமல் வாய்க்குள் இதைப் பயன்படுத்தவே கூடாது. டாமின் இடுக்குகளைத் திரவ ரெசின் தடுப்பால் அடைத்து, நோயாளிக்கும் உதவியாளருக்கும் கண்ணாடி அணிவித்து, உறிஞ்சுகுழாயைப் பக்கத்திலேயே வைத்துக் கழுவ வேண்டும். அமிலத்தை நடுநிலையாக்கச் சோடியம் பைகார்பனேட்டும், தோலில் பட்டால் தடவ 2.5 விழுக்காட்டு கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் மேசையிலேயே இருக்கட்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வழியைப் பின்பற்றுங்கள்: சிலிகா பூசிய 30 மைக்ரான் துகளை வீசினால், மோதும் வேகத்தில் சிலிகா பரப்பில் பதிந்துவிடும், அதன் மேல் சிலேன் என்னும் இணைப்பு மருந்தைப் பூசலாம். இது பீங்கான், உலோகம், சிர்கோனியா மூன்றுக்குமே பொருந்துவதால், கலப்பான பரப்புகளுக்கு நான் முதலில் நாடுவது இதைத்தான்.

சிலேன் மூலக்கூறின் ஒரு முனை சிலிகாவையும் மறுமுனை ரெசினையும் பற்றிக்கொள்கிறது. மைக்ரோபிரஷ்ஷால் மெல்லிதாகப் பூசி, 60 நொடி காத்திருந்து, எண்ணெய் கலவாத காற்றால் நன்கு உலர்த்த வேண்டும். வெதுவெதுப்பான காற்று இன்னும் நல்லது. தேங்கி நிற்கும் சிலேன் பிணைப்பைக் கெடுக்கும். ஒரே குப்பியில் வரும் சிலேன் திறந்த பிறகு மெல்லக் கெடுகிறது: அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகி, மூலக்கூறுகள் தமக்குள்ளேயே இணைந்துவிடுகின்றன. தொழிலின் தொடக்கத்தில் நான் ஒட்டிய ஒரு முன்பல் சில வாரங்களில் முழுசாகக் கழன்று வந்தது. வேறெங்கும் பிழை தெரியாததால் குப்பியிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தேன். நீர்போல் தெளிந்திருக்க வேண்டியது கலங்கி, பால் கலந்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து திறந்த தேதியை ஒவ்வொரு குப்பியிலும் எழுதி ஒட்டுகிறேன், ஒவ்வொரு முறையும் துளியை வெளிச்சத்தில் பார்க்கிறேன். எப்போதாவதுதான் பயன்படுத்துவீர்கள் என்றால், அவ்வப்போது கலந்துகொள்ளும் இரு குப்பி வகையை வாங்குங்கள். பல பரப்புகளுக்கும் பொதுவான யுனிவர்சல் பிணைப்பிகள் சிலவற்றில் சிலேன் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அமிலத்தன்மையுள்ள கரைசலில் அது நிலைத்திருப்பதில்லை என்பதால், பீங்கானுக்குத் தனிச் சிலேனையே நான் நம்புகிறேன்.

சிர்கோனியாவுக்கும், நிக்கல்-குரோமியம் போன்ற சாதாரண உலோகக் கலவைகளுக்கும் உரியது 10-எம்.டி.பி. என்னும் பாஸ்பேட் மூலக்கூறு. ஜப்பானின் குராரே நிறுவனம் 1981-இல் உருவாக்கியது. அதன் பாஸ்பேட் முனை பரப்பிலுள்ள ஆக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. இதனாலேயே சிர்கோனியாவில் பாஸ்பாரிக் அமிலம் படக்கூடாது: அமிலத்தின் பாஸ்பேட் முந்திக்கொண்டு அந்த இடங்களில் உட்கார்ந்துவிடும். எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. எச்சில் பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவுவது போதாது, மீண்டும் துகள் வீச வேண்டும். தங்கம், பல்லேடியம் மிகுந்த கலவைக்குக் கந்தகம் கொண்ட பிரைமர் (பிணைப்பிக்கு முன் பூசும் அடிப்பூச்சு) தேவை.

பிரைமருக்குப் பின் பிணைப்பியைப் பூசி ஒளியூட்டி (ஒளி பாய்ச்சி இறுகச் செய்து), உலோகம் தெரிந்தால் அதன் நிறத்தை மறைக்கும் ஓப்பேக்கரை இரண்டு மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒளியூட்டிப் போட வேண்டும். கறுப்பை ஒரே தடித்த அடுக்கால் மறைக்க முயன்றால் அடியில் இறுகாமல் போகும். காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, கடைசி ஒளியூட்டலின்போது கிளிசரின் ஜெல் பூசினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுக்காது, மேற்பரப்பு முழுதாக இறுகும். பிறகு கடியைச் சரிபார்த்து மெருகேற்றலாம்.

முதல் நாள் அந்தப் பல்லால் எதையும் கடிக்க வேண்டாம் என்றும், அதன்பின்னும் முறுக்கு, கரும்பு போன்றவற்றை முன்பல்லால் உடைக்க வேண்டாம் என்றும் நோயாளியிடம் சொல்லுங்கள். பல் நறநறப்பவருக்கு இரவில் பற்களின் மேல் அணியும் காப்புத் தகடு செய்து கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி, இணைப்புக் கோட்டின் மேல் ஆய்வு ஊசியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் மெருகேற்றினால் போதும்; ஊசி சிக்கினால் அந்த ஓரத்தை மட்டும் திறந்து மீண்டும் ஒட்டலாம். கடியைத் திருத்திய பின்னும் அதே இடத்தில் இரண்டாம் முறை பெயர்ந்தால், புதிய உறை செய்யும் பேச்சை எடுங்கள்.