பழைய குடிநீர் மெயின் லைனை மானியத்தில் மாற்றுவது எப்படி?

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். புதிதாக ஜெயித்து வந்த கவுன்சிலர், முதல் போஸ்டிங்கில் இருக்கும் உதவிப் பொறியாளர், ஒரே இடத்தில் மாதம் இரண்டு முறை பள்ளம் தோண்டுவதைப் பார்த்து அலுத்துப்போன குடியிருப்போர் சங்கத்தார், எல்லாருக்கும் உதவும் என்று நம்புகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. புதுக் குழாயைப் புதைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய குழாயில் இருக்கும் கடைசி வீட்டு இணைப்பையும் புதியதற்கு மாற்றி, பழையதை இரண்டு முனையிலும் அடைத்த அன்றைக்குத்தான் அது முடிகிறது. மானியம் கேட்டு எழுதும் முதல் கடிதத்திலிருந்து கடைசி பில் வரை எல்லாக் காகிதத்தையும் இதை மனதில் வைத்துத் தயார் செய்யுங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இப்படிச் செய்யவில்லை. எஸ்டிமேட்டில் குழாய்க்குப் பணம் இருந்தது, பள்ளத்துக்கு இருந்தது, தார் ஒட்டுப் போட இருந்தது. வீட்டு இணைப்பை மாற்ற ஒரு ரூபாய்கூட இல்லை. புது லைன் போட்டாயிற்று, பழையதில் இருந்த வீடுகள் பழையதிலேயே இருந்தன. அதை மூடினால் அந்த வீடுகளுக்குத் தண்ணீர் போகாது என்பதால் இரண்டிலும் தண்ணீர் விட்டோம். கசிவும் குறையவில்லை, தண்ணீரில் சாக்கடை வாடை வருகிறது என்ற புகாரும் குறையவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அந்த வாடை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தத் தெருவை முதலில் எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். நம் ஊர்களில் பெரும்பாலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை வழியாக வெளியே கசியும். வால்வை மூடியதும் உள்ளே இருப்பது தாழ்வான பக்கம் வடிந்து குழாய் காலியாகிறது, அப்போது வெளியே தேங்கி நிற்பதை அதே ஓட்டை உள்ளே இழுக்கிறது. வீடுகளில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். சாக்கடையைக் கடக்கிற இடத்தில் ஜாயின்ட் விட்டிருந்தால், அடுத்த முறை பிடிக்கிற முதல் குடத்தில் அது வந்து சேரும். ஆகவே சாக்கடைக்கு அடியிலோ ஒட்டியோ போகும் லைன்களைத்தான் பட்டியலின் தலையில் வையுங்கள், பெரிய வீதியா சின்னச் சந்தா என்று பார்க்க வேண்டாம்.

முதல் வேலை: மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பல ஊர்களில் குழாய் வரைபடம் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு தெருத்தெருவாக நடங்கள். எனக்குக் கற்றுத்தந்த ஃபிட்டர் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தார், அதில் "பிள்ளையார் கோயில் படியிலிருந்து 11 அடி, டீக்கடைப் பக்கம்" என்பது மாதிரிதான் ஒவ்வொரு வால்வுக்கும் குறிப்பு. ராத்திரி மூன்று மணிக்கு ஓர் இரும்புக் கம்பியை வால்வின் தண்டில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். கசிவு இருந்தால் மெல்லிய இரைச்சல் வரும். "பேசுது சார்" என்று சொல்லிக் கம்பியை என் கையில் கொடுப்பார். அந்த நோட்டில் இருந்ததை எல்லாம் வரைபடத்தில் ஏற்றியபோதுதான் எங்களுக்கே ஊரின் லைன் முழுசாகப் புரிந்தது.

வரைபடத்தில் குழாயின் வகை, அளவு, போட்ட வருடம் (தோராயமாகவாவது) வேண்டும். வார்ப்பிரும்பு, ஏ.சி. எனப்படும் கல்நார் சிமென்ட் குழாய், பி.வி.சி. என்று கலந்துதான் இருக்கும். புகார்ப் பதிவேட்டை எடுத்து, கடந்த மூன்று வருடத்தில் உடைப்பு சரிசெய்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஊர் முழுக்கப் பரவியிருக்காது, சில தெருக்களில் குவிந்து நிற்கும். அப்புறம் அடுத்த முறை உடைப்புக்குத் தோண்டும்போது ஒரு அடித் துண்டை அறுத்து எடுத்து வையுங்கள். நாங்கள் அறுத்த ஆறு அங்குல வார்ப்பிரும்புக் குழாயின் உள்ளே துரு முண்டுமுண்டாகப் படிந்து, என் முஷ்டி நுழையவில்லை. மன்றக் கூட்ட மேசையில் அந்தத் துண்டை வைத்த பிறகு யாரும் "இப்போ இது தேவையா" என்று கேட்கவில்லை.

கசிவை எண்ணாகவும் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வழக்கமான முறைத் தண்ணீரை விட்டு வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய ராத்திரியில், ஒரு மேல்நிலைத் தொட்டியின் பகுதியில் எல்லாரையும் கேட் வால்வை அடைக்கச் சொல்லுங்கள். தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, வெளியே போகும் வால்வைத் திறந்துவைத்து, மட்டத்தில் கோடு போட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். 12 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 11,300 லிட்டர் போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால் ஒரு நாளில் 2.7 லட்சம் லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவில் அது 2,000 பேருக்கான தண்ணீர். அந்தக் கோட்டை அழிக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

பணம் எங்கிருந்து, எப்படி வருகிறது?

நகரக் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கு ஒன்றிய அரசு பணம் தரும் அம்ருத் திட்டம் 2015-ல் 500 நகரங்களுக்கு என்று தொடங்கியது. 2021 அக்டோபர் 1-ல் வந்த அம்ருத் 2.0 பேரூராட்சி வரை எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. அதில் ஒன்றிய அரசின் பங்கை மக்கள்தொகையைப் பொறுத்து வகுத்தார்கள். 1 லட்சத்துக்குக் குறைவான ஊர் என்றால் பாதி, 1 முதல் 10 லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் கால் பங்கு. மீதியை மாநில அரசும் உள்ளாட்சியும் போட வேண்டும். ஒன்றியப் பங்கு 20, 40, 40 சதவீதமாக மூன்று தவணையில் என்று வைத்தார்கள். சின்ன ஊரில் 12 கோடி வேலை என்றால் ஒன்றியம் தருவது 6 கோடி, அதிலும் முதல் தவணை 1.2 கோடிதான். அடுத்தது வர வேண்டுமானால், வந்த பணத்தைச் செலவழித்ததைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றும் வேலை நடந்ததற்கான சரிபார்ப்பும் போக வேண்டும். நடுவில் ஒப்பந்தக்காரருக்குப் பில் கொடுக்கப் பணம் எங்கே என்று முன்கூட்டியே கணக்குப் போடாத ஊர்களில்தான் பள்ளம் மாதக்கணக்கில் திறந்து கிடக்கிறது.

ஒன்றிய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் மானியத்தை மறந்துவிடாதீர்கள். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்தில், 10 லட்சத்துக்குக் குறைவான ஊர்களுக்குத் தந்த மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கென்றே கட்டிவைத்தது. ஆனால் தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அம்ருத் 2.0-ஐ 2025-26 வரை என்று வகுத்திருந்தார்கள், 2026 ஏப்ரல் முதல் 2031 மார்ச் வரை 16-வது நிதிக்குழுவின் காலம். திட்டத்தின் பெயரும் சதவீதமும் மாறும். கேட்கிற காகிதம் பெரிதாக மாறாது: எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு வீணாகிறது, எந்தக் குழாயை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும். அம்ருத் 2.0 வீணாகும் அளவை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொன்னது. உங்கள் சிவப்புப் புள்ளிகளும் தொட்டிக் கோடும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

திட்ட அறிக்கையில் விட்டுவிடக் கூடாதவை

நிதி வருவதற்கு முன்பே மன்றத் தீர்மானமும் விரிவான திட்ட அறிக்கையும் தயாராக இருக்கட்டும். மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை, ரயில்பாதை குறுக்கிட்டால் அனுமதிக்கு இப்போதே எழுதுங்கள், நான் பார்த்தவரை தாமதம் பெரும்பாலும் அங்கேதான். குழாயைப் பொறுத்தவரை மெயினுக்கு டி.ஐ. எனப்படும் வளையும் தன்மையுள்ள வார்ப்பிரும்பு (இந்தியத் தர எண் ஐ.எஸ். 8329), கிளைத் தெருக்களுக்கு எச்.டி.பி.இ. எனப்படும் பிளாஸ்டிக் குழாய் (ஐ.எஸ். 4984) என்பது இப்போது பரவலான வழக்கம். அளவைப் பழையதைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். 1999-ல் வந்த ஒன்றிய அரசின் குடிநீர்க் கையேடு தெருக்கடைசியில் ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர் அழுத்தம் (தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும் அழுத்தம்) கேட்டது. 2024-ல் வந்த திருத்திய கையேடு 24 மணி நேர விநியோகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது.

வீட்டு இணைப்பு மாற்றுவது, ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் அளக்கும் ஒரு மீட்டர், பழைய லைனை அறுத்து அடைப்பது, சாலையை முழு அகலத்துக்குச் சீரமைப்பது, இந்த நான்கும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக அளவோடு இருக்க வேண்டும். டெண்டரில் பணம் பிரித்துக் கொடுக்கும் அட்டவணையில் ஒரு கணிசமான பங்கை, அந்தத் தெருவில் பழைய லைன் மூடியதற்குக் கையெழுத்தான பிறகுதான் என்று எழுதுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு இதைச் சேர்க்க முடியாது. சங்கத்தார் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இந்த எஸ்டிமேட் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். டெண்டருக்கு முன்பே கேளுங்கள்.

தோண்டத் தொடங்கியதும்

ஐப்பசி, கார்த்திகையில் புதுப் பள்ளம் வேண்டாம். சாலைக்கு அடியில் குழாயின் முதுகுக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்கட்டும். சாக்கடைக் குழாயிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போட வேண்டும், சந்தில் அதற்கு இடமிருக்காது, அங்கே சாக்கடைக்கு அரை மீட்டராவது மேலே போகட்டும். சாயங்காலம் ஆட்கள் கிளம்பும்போது திறந்த முனைக்கு மூடி போட்டிருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள், ராத்திரி மழை பெய்தால் சேறும் எலியும் உள்ளே போய்விடும். அழுத்தச் சோதனை முடியும் வரை ஜாயின்ட்டுகளை மண் போட்டு மூட விடாதீர்கள். சோதனைக்குப் பிறகு கழுவி, குளோரின் போட்டு, மாதிரி எடுத்து, முடிவு சரி என்று வந்த பிறகுதான் வீடுகளுக்கு.

அடுத்தது வீட்டு இணைப்புகளைப் புதியதற்கு மாற்றும் நாள். தெருவைக் கதவு எண் வாரியாக எழுதி, ஒவ்வொரு வீடாக மாற்றி டிக் போடுங்கள். முடிந்ததும் பழைய லைனை மூடி, ஒரு முறை புதியதில் மட்டும் தண்ணீர் விடுங்கள். அன்றைக்கு "எங்களுக்கு வரவில்லை" என்று சிலர் வருவார்கள், அவர்களில் பதிவேட்டில் இல்லாத இணைப்புக்காரர்களும் இருப்பார்கள். அவர்களைத் திட்டி அனுப்பாமல் மன்ற விதிப்படி பணம் கட்டவைத்துப் புதியதில் சேருங்கள், துரத்திவிட்டால் ராத்திரியில் பழையதை மறுபடி திறந்துகொள்வார்கள். அதே நேரத்தில் பழைய லைனின் தாழ்வான இடத்தில், குழாயை வடிக்கும் கழிவு வால்வைத் திறந்து பாருங்கள். வடிந்து நின்றுவிட்டால் சரி. தொடர்ந்து ஓடினால் எங்கேயோ யாருக்கும் தெரியாத ஓர் இணைப்பு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு இரு முனையையும் அறுத்து, மூடி போட்டு, கான்கிரீட் வையுங்கள். ஏ.சி. குழாயைத் தோண்டி எடுக்க வேண்டாம், மண்ணுக்குள்ளேயே விட்டுவிடலாம். அறுக்க வேண்டிய இடத்திலும் மெஷின் கட்டரால் உலர்வாக அறுக்கக் கூடாது, அந்தத் தூசியில் கல்நார் இழை இருக்கிறது. நனைத்து, கை ரம்பத்தால், முகக்கவசத்தோடு அறுக்கச் சொல்லுங்கள். குழாயின் ஆழம், வால்வின் இடம், அடைத்த முனை எல்லாவற்றையும் அன்றன்றே வரைபடத்தில் குறித்து, ஒரு நகலை பம்ப் ஹவுஸ் சுவரில் மாட்டுங்கள், தண்ணீர் திறந்துவிடுபவர் கையில் ஒன்று கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, முன்பு செய்த மாதிரியே ஒரு ராத்திரி வீட்டு கேட் வால்வுகளை அடைக்கச் சொல்லி, தொட்டியில் போட்ட அந்தக் கோட்டிலிருந்து மறுபடி ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள்.